தம்பி இறங்கிய இடம்

தண்ணீர் பரிசோதிக்கும் தனியார் ஆய்வகம் ஒன்றில் எனக்கு வேலை. மாதம் ஒருமுறை கொருக்குப்பேட்டையிலிருந்து எண்ணூருக்குப் போவேன். கொசஸ்தலை ஆற்றில் சொல்லிவைத்த இடங்களில் புட்டிகளை நிரப்பி, ஐஸ் பெட்டியில் கொண்டுவர வேண்டும். ஆற்றில் என்னை அழைத்துப் போகும் படகுக்காரரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அதிகம் பேசமாட்டார். நான் ஏறும்போது படகு ஆடாமல் காலால் அழுத்திப் பிடித்துக்கொள்வார்.

சென்ற மழைக்காலம் முடிந்து நான் போனபோது அவர் தலை மொட்டையாக இருந்தது. தம்பி இறந்துவிட்டான் என்றார். இறால் பிடிக்க ஆற்றில் இறங்கியவன் கால் சேற்றில் புதைந்துவிட்டது. இழுக்க இழுக்க இன்னும் உள்ளே போயிருக்கிறது. அதற்குள் முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறிவிட்டது. சின்ன வயதிலிருந்து அவன் நடந்து பழகிய இடம் அது. முன்பெல்லாம் அங்கே மணல்தான் இருந்ததாம்.

அந்த இடத்திலும் ஒரு புட்டி பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். பரிசோதித்ததில் தண்ணீரில் பெரிய கோளாறு எதுவும் தெரியவில்லை. அடுத்த முறை போனபோது அதைச் சொன்னேன்.

"தண்ணி நல்லாத்தான் கீதுன்னா, அவன் எப்டிம்மா செத்தான்?" என்றார்.

எங்கள் மேலாளரிடம் சேற்றையும் சோதிக்கலாமா என்று கேட்டேன். வாடிக்கையாளர் கேட்டது தண்ணீரைத்தானே என்றார். அண்ணன் கேட்டதை அப்படியே சொன்னேன். சரி, எடுத்து வா என்றார்.

தண்ணீர் வற்றிய நேரமாகப் பார்த்துப் போனோம். அண்ணன் கழியை ஊன்றினார். அது தடையில்லாமல் உள்ளே இறங்கியது. வெளியே எடுக்க இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. என்னை இறங்க விடவில்லை. படகில் குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டுச் சாம்பல் நிறத்தில் வழவழவென்று வந்ததை அள்ளி டப்பாவில் போட்டேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சோதித்ததில், அது பெரும்பாலும் பக்கத்து அனல் மின் நிலையத்திலிருந்து ஆற்றில் கலந்த நிலக்கரிச் சாம்பல் என்று தெரிந்தது. ஆற்றங்கரையில் யாருக்கும் அது புதிய செய்தி இல்லை. ஊர்க்காரர்கள் முடிவைக் கொண்டுபோய் அதிகாரிகளிடம் கொடுத்தார்கள். விசாரிப்பதாகச் சொன்னார்களாம். அதோடு சரி.

போன மாதம் தம்பியின் மனைவி கரையில் எனக்காகக் காத்திருந்தாள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போகிறாள். அதற்கான சீருடைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருந்தாள்.

"சேத்துல கைய வுட்டியாமே அக்கா. எப்டி இருந்துச்சி? சில்லுனு இருந்துச்சா?"

"இல்லம்மா. வெதுவெதுன்னுதான் இருந்துச்சு."

மின் நிலையத்தின் சுடுநீர் அந்தப் பக்கமாகத்தான் வந்து சேர்கிறது. அதை நான் சொல்லவில்லை.

"அப்டியா," என்றாள். "எங்க வூட்டுக்காரருக்குக் குளுரே ஆவாதுக்கா. காத்தால தண்ணில எறங்க சொல்லோ பல்லெல்லாம் அடிச்சிக்கும்."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, வேலைக்கு நேரமாகிறது என்று கிளம்பினாள்.

நான் படகில் ஏறினேன். அண்ணன் அந்த இடத்தை விலக்கி, தூரமாகச் சுற்றிக்கொண்டு போனார்.