லஞ்ச் என்றால் ஒரு துண்டாம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் மதியச் சாப்பாடு என்று யாரும் சொல்வதில்லை. லஞ்ச்தான். இடைவேளைக்கும் அதே பெயர், டப்பாவுக்கும் அதே பெயர்.

போன வருடம் வந்த புது மேனேஜர் அரை மணி லஞ்சை இருபது நிமிடமாக்கினார். மிஷின் நிற்கக் கூடாது. ஒருத்தி சாப்பிடப் போனால் பக்கத்து மிஷின்காரி இரண்டையும் பார்க்க வேண்டும். நாங்கள் முணுமுணுத்ததும் போனைப் பார்த்துச் சிரித்தபடி படித்தார்: "லஞ்ச்னு சொன்னா இங்கிலீஷ்ல முதல்ல அர்த்தமே கனமான ஒரு துண்டுதான். ரொட்டித் துண்டு. நீங்கதான் அதைக் கல்யாண விருந்தாக்கிட்டீங்க."

அவர் போனதும், "அவன் துண்ட கட்ச்சிகினு பூட்டான். நாம கொயம்பு ஊத்திப் பெசையணுமேம்மே" என்றாள் பக்கத்து மிஷின் அக்கா. எல்லோரும் சிரித்தோம். ஒருத்தியும் எதிர்த்துப் பேசவில்லை. நானும்தான்.

அந்த அக்கா அண்ணனூரிலிருந்து வருபவள். இன்சுலின் போட்டுக்கொள்வாள் என்பது எனக்கு மட்டும் தெரியும். "வெளிய சொல்லிடாதம்மே. தெரிஞ்சா மிஷின்ல நிக்க வுடமாட்டானுங்க. நான் காண்ட்ராக்ட்ல கீறேன்" என்று கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். ஊசி போட்ட அரை மணியில் சாப்பிட்டாக வேண்டும். லஞ்ச் குறைந்தபின், தன் இருபது நிமிடத்தில் ஊசிக்கும் நேரம் போதாது என்று, நான் சாப்பிடக் கிளம்பும் முன்பே பாத்ரூமில் ஊசி போட்டுவிட்டு வந்து நிற்பாள். நான் திரும்பியதும் ஓடுவாள்.

ஒரு நாள் நான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போதே சூப்பர்வைசர் பிடித்துக்கொண்டான். லாரி நிற்கிறது, பெட்டிகளை ஒட்டிக் கொடு என்றான். அக்கா சாப்பிடணும் என்றேன். "துண்றதுக்கு இன்னா அவசரம்? அஞ்சு நிமிசம்" என்றான். அரை மணி ஆனது. வாயை மூடிக்கொண்டு ஒட்டினேன்.

திரும்பியபோது அக்கா மிஷின் காலடியில் கிடந்தாள். உடம்பெல்லாம் வியர்வை, பேச்சு குழறியது. சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வைத்தேன். கொஞ்சம் தெளிந்தாள். ஓடி வந்த மேனேஜர், "காலையில பட்டினியா வந்து இங்க விழுறது" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யோவ், அக்கா ஊசி போட்டுகினு சோத்துக்கு நின்னுகினு கீதுய்யா! சக்கரை வியாதிக்காரிய நேரத்துக்குத் துண்ண வுடுய்யா!" என்று ஷெட் முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

மற்றவர்கள் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதுதான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது.

மறுநாளே அவளை வர வேண்டாம் என்றார்கள். பாதுகாப்புக் காரணமாம். பர்மனென்ட் ஆளான எனக்கு ஒரு மெமோ, அவ்வளவுதான். பெட்டி ஒட்டும்போதே சூப்பர்வைசரிடம் அந்தக் கத்தலைக் கத்தியிருந்தால் அக்கா விழுந்திருக்கவே மாட்டாள்.

எத்தனையோ முறை போன் செய்தேன். ஒரே ஒரு முறை அவள் மகள் எடுத்தாள். "அம்மா பக்கத்துலதான் கீது ஆன்ட்டி. பேசமாட்டேங்குது" என்றாள்.