சாக்கு மூடிய மணல்மேடு

புது ஆட்சி வந்த தெம்பில் எங்கள் வயலில் வேலை செய்யும் மாரி நடவுக் கூலியை உயர்த்திக் கேட்டார் என்று, எங்கள் மனையிலிருந்த அவருடைய குடிசையை அப்பா அன்று காலை பிரிக்கச் சொன்னார். ஆட்கள் கீற்றை இழுத்துப் போடும் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. வீட்டில் இருப்புக்கொள்ளாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர்க்கோடி சினிமாக் கொட்டகைக்குப் போனேன்.

மழைக்காலத்தில் அங்கே படம் கிடையாது. டிக்கெட் கொடுக்கும் செல்லம்மா மட்டும், ஒழுகும் இடங்களில் வாளி வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. இனிமே பொங்கலுக்குத்தான் படம்."

நான் வழக்கமாக உட்காரும் நாற்காலிகளை மடக்கி மூலையில் அடுக்கியிருந்தார்கள். மணல் தரையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். சாக்கு மூடிய ஏதோ ஒன்றில் கால் இடறியது.

"ஐயையோ, மிதிச்சுடாதீங்க! அது மாரி பொண்டாட்டி ஒக்கார்ற மேடு. நாள் பூரா குனிஞ்சு நட்டுட்டு வர்ற பொண்ணு, வெறுந்தரையில ஒக்கார முடியல. மாரிதான் மணலைக் குமிச்சு மேடு கட்டிக் குடுப்பாரு. மழையில கரைஞ்சிடக் கூடாதுன்னு மூடி வச்சிருக்கேன்."

"பொங்கலுக்கு அவங்க வருவாங்களா?" என்று கேட்டேன்.

"வராம? இந்த ஊரை விட்டு எங்க போகப் போறாங்க?" என்று சிரித்தார். காலையில் நடந்தது அவருக்கு இன்னும் தெரியாது.

விலகியிருந்த சாக்கை இழுத்து மூடிவிட்டு வெளியே வந்தேன்.

எங்களுக்கு ஐந்து வேலி, முப்பது ஏக்கருக்கும் மேல், நிலம் இருந்தது. அந்த ஊரில் மாரி குடும்பத்துக்கென்று ஒருவர் பத்திரமாக வைத்திருந்த இடம் அந்த மேடு மட்டும்தான்.

பொங்கலுக்குக் கொட்டகை திறந்தது. நான் போகவில்லை.