சித்திரை வெயிலில் கம்பளித் தொப்பி

பிரசவம் முடிந்து அரும்பாவூரில் அம்மா வீட்டில் இருந்தேன். சித்திரை வெயில். குழந்தையைப் பார்க்க வந்த மாமியார், "காத்து பட்டா சளி புடிச்சுக்கும், நல்லா போத்தி வுடும்மா" என்று போர்வையைச் சுற்றிக் கம்பளித் தொப்பியும் மாட்டினார்.

அவர் நகர்ந்ததும் அம்மா, "புள்ளைக்குப் புழுங்குதுடி, கழட்டு" என்றாள்.

யார் பேச்சைக் கேட்பது? குழம்பிப்போய் அப்படியே விட்டுவிட்டேன். சற்று நேரத்தில் மகன் உடம்பு அனலாய்க் கொதித்தது, பாலும் குடிக்கவில்லை. பதறி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா தொப்பியையும் போர்வையையும் எடுத்துவிட்டுக் காத்திருந்தார். சூடு தணிந்ததும் பாலுக்கு அழுதான்.

"பிடரியைத் தொட்டுப் பாருங்க. வேர்த்திருந்தா துணியைக் குறைங்க. அப்பவும் சுட்டா உடனே தூக்கிட்டு வாங்க" என்றார்.

வீட்டில் இன்னமும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். குழப்பம் தீரவில்லை. இப்போதெல்லாம் நான் மகனின் பிடரியைத்தான் கேட்கிறேன்.