லாரி வரும் நாளுக்கு ஒரு மாத்திரை

எங்கள் மதினி வாசிப்பதில் பேய். கல்லிடைக்குறிச்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது பாத்திர பண்டத்தோடு ஒரு சாக்கு நாவலும் வந்து இறங்கியது. வடை மடித்த தாளைக்கூட நீவி விரித்து, கடைசி வரி வரை பார்த்துவிட்டுத்தான் கசக்கிப் போடுவாள். நாத்தனாரான எனக்குச் சமவயது, முறைக்குத்தான் மதினி.

அண்ணன் வாழைத்தார் லாரி ஓட்டுகிறான். கொல்லத்தில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது, மலைப்பாதையில் ஆரியங்காவு தாண்டியதும் வீட்டுக்குப் போன் போடுவான். உலை வைக்கத் தோதாக இருக்கும் என்று ஏற்பாடு. வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ வீட்டில் தங்கினால் அதிகம்.

மகன் பிறந்தபோது மதினிக்கு ரத்தம் நிற்கவே இல்லை. பெரியாஸ்பத்திரியில் உயிரை மீட்டுத்தான் கொடுத்தார்கள். உடம்பு தேறும்வரை அடுத்த பிள்ளை கூடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அதிலிருந்து அவள் கொஞ்சம் அசந்து உட்கார்ந்தாலும் என்ன ஏது என்று ஓடிப்போய்க் கேட்பேன்.

போன வருசம் நான் லீவுக்கு வந்திருந்த சமயம். இரண்டு பேரும் அடுக்களையில் சின்ன உள்ளி உரித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் போன் வந்தது. ஆரியங்காவு தாண்டிவிட்டானாம். மதினி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சீரக டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டாள். புருசன் வருகிறான் என்றதுமே தலைவலியா என்று கேலி செய்தேன். வெட்கப்பட்டுச் சிரித்தாள். பிள்ளை உண்டாகாமலிருக்கப் போடுகிற மாத்திரை என்றாள். அப்படியானால் மற்ற நாட்களில்?

"மத்த நாள் எதுக்குட்டி? உங்க அண்ணன் கொல்லத்துல லாரிக்குள்ள தூங்குதாரு. நான் இங்கன மாத்திரையத் தின்னு யாரத் தடுக்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் பயம் வந்துவிட்டது. அட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். தினமும் ஒன்று என்று அச்சடித்திருந்தது. வாசிக்கவில்லையா என்று கத்திவிட்டேன்.

"வாசிச்சேன். எதுக்குத் தினமும்னு போடலயே. தலைவலி மாத்திரை மாதிரி, வேணுங்கயில போட்டுக்கிடலாம்னு நெனச்சேன்" என்றாள். பிறகு குரலை இறக்கி, நாள் தள்ளியிருக்கிறது என்றாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கப் போன அன்று வரிசையில் இவளுக்கு முன்னால் கைநாட்டு வைத்த ஒரு பெண் நின்றிருக்கிறாள். அவளை உட்காரவைத்து அரைமணி நேரம் விளக்கினார்களாம். மதினி ஸ்டைலாகக் கையெழுத்துப் போட்டாள். படித்த பிள்ளைதானே, அட்டையில் எல்லாம் இருக்கிறது என்று கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக வந்தது. எழுத்துக் கூட்டத் தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று எவன் சொன்னான்?

விடிந்ததும் அதே சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். பரிசோதனை முடிவு வரும்வரை வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். மதினி சுவரில் ஒட்டியிருந்த எதையும் வாசிக்கவில்லை. அதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது.

ஒன்றுமில்லை என்று வந்தது. ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளச் சொன்னார் நர்ஸ். மதினி அதோடு விடவில்லை. அழிச்சாட்டியமாக உட்கார்ந்து, ஏன் தினமும் என்று கேட்டாள். மாத்திரை வேலை செய்வது கருமுட்டையிடம், புருசனிடம் இல்லை, அவர் ஊரில் இல்லாத நாளில் விட்டால் முட்டை முதிர ஆரம்பித்துவிடும் என்றார் நர்ஸ். புது அட்டை தொடங்கும்வரைக்கும், தொடங்கி ஒரு வாரத்துக்கும் ஆணுறை வேண்டும் என்றார். அதை மதினியே அண்ணனுக்கு விளக்கினாள். அவன் காது சிவக்கக் கேட்டுக்கொண்டான்.

இரண்டு நாளில் தீட்டு வந்தது. நான் அடுக்களையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த லீவில் போயிருந்தபோதும் அதே அடுக்களை, அதே உள்ளி. போன் அடித்தது. ஆரியங்காவு தாண்டியாச்சாம். நான் சீரக டப்பாவைப் பார்த்தேன்.

"சரி, பைய வாங்க" என்று போனை வைத்தாள் மதினி. எழுந்திருக்கவில்லை. அடுத்த உள்ளியை எடுத்து உரித்தாள்.