மலர் அக்காவின் இரண்டு கப்பல்கள்

செய்தி வந்தபோது நான் பிறம்ரனில் வேலையில் இருந்தேன். எந்த ட்ரக்கை எங்கே, யாரோடு அனுப்புவது என்று பார்ப்பது என் தொழில். மொன்றியலுக்குப் போய்க்கொண்டிருந்த ட்றைவர் ஒருவர் ஒரு காதில் கத்திக்கொண்டிருந்தார். அப்போது கைத்தொலைபேசியில் மலர் அக்காவின் கணவர் சிவபாலன் அண்ணையின் பெயர் வந்தது. பகலில் அழைக்கிற ஆள் அல்ல அவர். எடுத்தேன். "தம்பி, மலர் போயிட்டா," என்றார்.

இராசமலர் அக்காவை ஸ்காபரோக் கூட்டங்களுக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். முன்வரிசையில் ஓரக் கதிரையில் இருப்பார். பிரதம விருந்தினர் பேசி முடித்துக் கைதட்டல் ஓய்ந்ததும் கையை உயர்த்தி, "ஒரு சின்னத் திருத்தம்," என்பார். அந்தக் கையைக் கண்டு தன் குறிப்புத்தாளைத் திரும்பப் புரட்டாத பேச்சாளர் இந்த நகரில் இல்லை. நானும் புரட்டியிருக்கிறேன். ஒருமுறை கோபத்தில், "அக்கா, உங்களுக்குக் கேட்கவே தெரியாதா, திருத்தத்தான் தெரியுமா?" என்று கேட்டேன். "கேட்டபடியாத்தானே தம்பி திருத்தினனான்," என்றார். எங்கள் நட்பு அன்றுதான் தொடங்கியது.

அவர் படவரைஞர். ஓய்வு பெறும்வரை இங்குள்ள ஒரு நிறுவனத்தில் கட்டடங்களின் தண்ணீர்க் குழாய்கள் போகும் வழியை வரைந்தவர். ஓய்வுக்குப் பிறகு ஒரு நாள் நூலகத்தில் பழைய போர்க்கப்பல் ஒன்றின் வரைபடத்தைக் கண்டிருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் கட்டிய பாய்க்கப்பல். சண்டையில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, அவர்கள் வைத்த புதுப்பெயரோடு அவர்களுடைய கடற்படையிலேயே வேலை செய்தது. பிடித்தவர்கள் முதலில் அதைக் கப்பல் பட்டறைக்கு இழுத்துப்போய் அடி முதல் நுனி வரை அளந்து வரைந்திருக்கிறார்கள். "பாரும் தம்பி, கட்டினவன்ர படம் எங்கயோ துலைஞ்சு போச்சு. பிடிச்சவன் அளந்து வைச்சபடியாத்தான் அவள் எப்பிடி இருந்தவள் எண்டு எங்களுக்குத் தெரியுது," என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. கப்பலுக்கு இருந்த இரண்டு பெயரையும் விட்டுவிட்டு, 'பிடிபட்டவள்' என்றே அதைச் சொல்வார்.

மில்லிக்கனில் இருந்த அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை சில வருடங்களுக்குப் பிடிபட்டவளுக்கே சொந்தமாகிவிட்டது. சிவபாலன் அண்ணை தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டார். அந்தக் கப்பலின் முழு வரலாற்றையும் தமிழில் எழுதுவது என்று அக்கா முடிவெடுத்திருந்தார். "இதை ஆர் அக்கா வாசிக்கப் போகினம்?" என்று கேட்டேன். "நீர்தான். பிழை பார்க்க வேற ஆளில்லை," என்றார். அப்படித்தான் அந்தக் கையெழுத்துப் பிரதி என்னிடம் வந்தது.

நண்பர் ஒருவர் அந்த மேசையருகே நின்று, "எங்கட கதைதான் அக்கா. எங்களையும் இப்பிடித்தான் பிடுங்கிக் கொண்டுவந்து வேற கொடிக்குக் கீழ விட்டிருக்கு," என்று உருகினார். அக்காவுக்கு இப்படிப் பேசுவது பிடிக்கவே பிடிக்காது. "கப்பலுக்கு அழத் தெரியாது. உமக்கு அழ வேணுமெண்டால் உமக்காக அழும், நான் பேப்பர் துவாய் தாறன். அதை ஏன் அவளின்ர தலையில ஏத்துறீர்?" என்றார். நண்பர் சிரித்துவிட்டு, பிறகு உண்மையாகவே கொஞ்சம் அழுதார். அக்கா சொன்னபடி துவாயைக் கொடுத்தார்.

ஆனால் அக்காவுக்கும் அந்தக் கப்பலில் ஒரு சொந்தம் இருந்தது. அவர் திருகோணமலைக்காரி. பிடிபட்டவள் ஆங்கிலக் கொடியோடு திருகோணமலைக்கு வந்து, முறிந்த பாய்மரத்தை மாற்றிக்கொண்டு போனாள் என்று ஓர் அத்தியாயம் எழுதியிருந்தார். "எங்கட பள்ளிக்கூடத்து மேல்மாடி யன்னலால பார்த்தால் அவள் நிண்ட இடம் தெரியும்," என்பார். மற்ற அத்தியாயங்களை ஒரு படவரைஞர் எழுதியிருந்தார். அதை மட்டும் அந்த யன்னலோரம் இருந்த பிள்ளை எழுதியிருந்தது. அக்காவுக்கு நோய் முற்றிவிட்டது என்று வைத்தியர்கள் சொன்னது, புத்தக வெளியீட்டுக்கு வோபர்னில் மண்டபம் எடுத்த பிறகுதான்.

பிழையை நான் கண்டது தொழில் பழக்கத்தால். பிடிபட்டவள் கடைசியில் பாய்மரமெல்லாம் கழற்றப்பட்டு, ஓர் ஆங்கிலத் துறைமுகத்தில் பிரெஞ்சுக் கைதிகளை அடைத்துவைக்கும் மிதக்கும் சிறையாகிவிட்டாள். தன்னைக் கட்டிய நாட்டவருக்கே சிறை. அதற்கான குறிப்பில் இருந்த வருடம், திருகோணமலைக்கு வந்த வருடத்தோடு மோதியது. எழுத்தர் ஒருவரின் தவறு என்று நினைத்து, அக்கா சிறைக் காலத்தைப் பின்னுக்குத் தள்ளியிருந்தார். ஒரே வண்டி ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் நிற்பதாக வேலையிடத்துக் கணினித் திரை காட்டினால், என்னைப் போன்றவன் முதலில் சந்தேகப்படுவது வண்டியின் இலக்கத்தைத்தான். தேடிப் பார்த்தேன். பழைய கப்பல் சிறையானதும், அதன் ஆங்கிலப் பெயரைக் கடற்படை புதிதாகக் கட்டிய இன்னொரு கப்பலுக்கு வைத்துவிட்டது. திருகோணமலைக்கு வந்தவள் அந்தப் புதியவள். பாய்மரம் இல்லாத பிடிபட்டவள் எங்கேயும் வந்திருக்க முடியாது.

முதலில் சிவபாலன் அண்ணையிடம் சொன்னேன். வாசலில் சவளால் பனியை அள்ளித் தள்ளிக்கொண்டிருந்தவர் அதை ஊன்றிக்கொண்டு நின்றார். "தம்பி, அவவுக்கு இப்ப உது ஒண்டுதான் இருக்கு. உதையும் பறிக்காதையும்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு பக்கமும் யோசித்தேன். சொன்னால் நோயாளியின் மனதை உடைப்பேன். சொல்லாவிட்டால், ஊரெல்லாம் திருத்திய மனுசியை, தெரிந்துகொண்டே பிழையோடு மேடைக்கு அனுப்புவேன். பின்னதை நினைக்கத்தான் எனக்குக் கூடுதலாகக் கூசியது.

அடுத்த கிழமை போனேன். தேநீர் குடித்தேன். காலநிலை பற்றிப் பேசினேன். இன்னொரு தேநீர் கேட்டேன். "நீர் தேத்தண்ணிக்கு வந்த ஆள் இல்லை. என்ன பிழை, சொல்லும்," என்றார் அக்கா. சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். திரும்பவும் கழற்றினார். "அப்ப அவள் வரேல்லை," என்றார். "இல்லை அக்கா." மேசையில் விரித்திருந்த படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, "நல்லகாலம், நான் இருக்கேக்கச் சொன்னீர்," என்றார். அடுப்படியில் அண்ணை பாத்திரம் ஒன்றைத் தடாலென்று வைத்தார்.

அதன் பிறகு சில நாட்கள் அக்கா தொலைபேசியை எடுக்கவில்லை. சொல்லியே அவரைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு ஒரு மத்தியானம், வேலை நடுவில் அழைப்பு வந்தது. "தம்பி, கொஞ்ச நாள் உம்மோட கோவமா இருந்தனான். பிறகு அந்த மற்றவளைத் தேடத் தொடங்கினன். சும்மா சொல்லக்கூடாது, அவளும் ஒரு ஆள்தான். ஒண்டைத் தேடப்போக எனக்கு இரண்டு கிடைச்சிருக்கு. நன்றி தம்பி." என் மேசையைச் சுற்றி ஆட்கள் நின்றதால் நான் அழவில்லை. இல்லாவிட்டால் அழுதிருப்பேன்.

வெளியீட்டன்று மண்டபம் நிறையத் திருகோணமலைக்காரர். விளக்கேற்றி, வரவேற்புரை என்ற பெயரில் ஒருவர் எங்கள் பொறுமையைச் சோதித்த பிறகு, அக்கா மேடைக்கு வந்தார். உடம்பு பாதியாகிவிட்டிருந்தது. ஒலிவாங்கியைப் பிடித்து, "ஒரு சின்னத் திருத்தம்," என்றார். சபை சிரித்தது. "இந்தமுறை எனக்கு. அழைப்பிதழில எங்கட ஊருக்கு வந்த கப்பல் எண்டு போட்டிருக்கு. அவள் வரேல்லை. நான் பிழை விட்டிட்டன். இந்தா இருக்கிற தம்பிதான் கண்டுபிடிச்சவர்." அந்த அத்தியாயத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டதையும் சொன்னார். பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "அக்கா, கப்பல் வந்ததோ வரேல்லையோ எண்டு இருநூறு வருசத்துக்குப் பிறகு ஆர் பார்க்கப் போகினம்? எங்களுக்கும் ஒரு பெருமை இருக்கட்டுமே!" அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தார். "நான் பார்த்திட்டனே, தம்பி," என்றார். கைதட்டல் ஓய வெகுநேரம் எடுத்தது.

அக்காவின் உடலை அஞ்சலிக்காகப் பார்வைக்கு வைத்திருந்த அன்று, வாசலில் நின்ற சிவபாலன் அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டார். பனி தள்ளிய அன்றைக்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் சொன்னதை நீர் கேட்காமல் விட்டது நல்லது. புத்தகம் முடிஞ்சிருந்தால் அவவுக்குச் செய்ய ஒண்டும் இருந்திராது. வருத்தத்தோட முழிச்சுக்கொண்டு கிடந்திருப்பா. ஆஸ்பத்திரியிலயும் அந்த மற்றக் கப்பல்தான். காலமை எழும்பினால், 'கண்ணாடியைத் தாங்கோ, வேலை கிடக்கு' எண்டுவா," என்றார்.

அந்த இரண்டாவது கப்பலைப் பற்றி அக்கா எழுதிய பக்கங்களை அண்ணை என்னிடம் தந்திருக்கிறார். வாசித்துவிட்டேன். எழுத்து போகப்போகச் சாய்ந்துகொண்டே போகிறது, ஆனால் ஒரு திகதிகூடப் பிழையில்லை. அக்கா எழுதி முடித்த இடத்தில் அந்தக் கப்பல் திருகோணமலைத் துறைமுகத்துக்குள் வந்து நங்கூரம் போடுகிறது. அதன் பிறகு அது எங்கே போனது என்று அவருக்குத் தெரியும், எனக்குச் சொல்லியும் இருக்கிறார். எழுதத்தான் நேரம் கிடைக்கவில்லை. மிச்சத்தை நான் எழுதப்போகிறேன். பிழை விடுவேன், அதைத் திருத்த முன்வரிசையில் ஆள் இல்லை. ஆகவே உங்களில் யாராவது பிழை கண்டால், பாவம் என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். நான் இருக்கும்போதே சொல்லுங்கள். நன்றி சொல்ல எனக்குத் தெரியும். அதைத்தான் அக்கா எனக்குத் தந்துவிட்டுப் போயிருக்கிறார்.