பச்சையம்மாளுக்கு நான் வைத்த கரண்டி

கடலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது மகன் போன் செய்தான். "அத்தை போயிட்டாங்கப்பா" என்றான். மடையை மாற்றத் தோன்றாமல் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் நிரம்பிப் பக்கத்துக் கொல்லைக்கு ஓடியது. முப்பது வருஷத்துக்கு மேல் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிய என் சம்பந்தி பச்சையம்மாள், அன்று காலை புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அவரோடு உப்புப் பாத்தியில் நின்றவர்கள் இதைப் படிப்பீர்கள். அவரைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் அவருக்குச் செய்ததைத்தான் சொல்ல வேண்டும். அதை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு வைகாசியில் அவர் மகள் கோமதியை என் மகனுக்குக் கட்டினோம். மூன்றாம் நாள் பிரம்மதேசத்தில் எங்கள் வீட்டில் சம்பந்தி விருந்து. உள்ளங்கையே தெரியாத அளவுக்கு மருதாணி அப்பிக்கொண்டு வந்திருந்தார். "கல்யாணம் பொண்ணுக்கா, அம்மாவுக்கா?" என்று என் அக்கா காதில் சொன்னாள். எனக்கும் சிரிப்பு வந்தது. இலை போட்டுச் சோறு வைத்துச் சாம்பாரும் ஊற்றியாகிவிட்டது. எல்லோரும் கை வைத்துவிட்டார்கள். அவர் மட்டும் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு தயங்கித் தயங்கி, "சம்பந்தி, ஒரு ஸ்பூன் இருந்தா குடுங்க" என்றார்.

பந்தியே நிமிர்ந்து பார்த்தது. எங்கள் ஊரில் இலையில் போட்ட சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டால்தான் போட்டவனுக்கு மரியாதை. ஸ்பூன் என்பது நோயாளிக்கும் வெள்ளைக்காரனுக்கும்தான். உப்பளத்தில் கூலிக்குப் போகிறவளுக்கு எங்கள் வீட்டுச் சோற்றைத் தொட ஆகாதா என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நான் முன்கோபி என்பது ஊரறிந்த விஷயம். உள்ளே போய், குழம்பு ஊற்றுகிற பெரிய கரண்டியை எடுத்துவந்து அவர் இலையோரம் வைத்தேன். "எங்க வூட்ல இதாங்க இருக்குது" என்றேன்.

பந்தி சிரித்தது. அவர் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. கரண்டியை இரண்டு கையாலும் பிடித்து, நுனியில் கொஞ்சம் சோறு அள்ளி, இரண்டு வாய் சாப்பிட்டார். "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லி இலையை மூடிவிட்டார். கோமதி அழுதுகொண்டே உள்ளே போனதை நான் பார்த்தேன். புதுப்பெண் ஏதோ அழுகிறது என்று விட்டுவிட்டேன்.

அதன்பிறகு அவர் எங்கள் வீட்டில் சோறு சாப்பிடவே இல்லை. மகளைப் பார்க்க வருவார், ஒரு டீ குடிப்பார், சாப்பாட்டு வேளைக்கு முன்பே பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். திமிர் பிடித்தவள் என்று நானும் கூப்பிடவில்லை.

மூன்று வருஷம் கழித்து, கோமதியின் இரண்டாவது பிரசவம். வலி கண்டுவிட்டது, அம்மாவோ போனை எடுக்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கே போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். ஓலைக் கொட்டகை நிழலில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மட்டும் பெரிய குண்டானில் சோற்றையும் குழம்பையும் பிசைந்து, உருட்டி உருட்டி ஒவ்வொருவர் வாயிலும் வைத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களின் கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன. உப்புத்தண்ணீர் அரித்து அரித்து உள்ளங்கையெல்லாம் பாளம் பாளமாக வெடிப்பு. சிலர் கையில் ரத்தம் கசிந்தது. அந்தக் கையில் மிளகாய் பட்டால் என்ன ஆகும் என்றோ, விருந்தன்று அவ்வளவு மருதாணி எதற்கு என்றோ எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இன்னிக்கு இவ கைதாண்ணா நல்லா இருக்குது, அதான் எங்க எல்லாருக்கும் ஊட்டுறா" என்றாள் ஒரு பெண். பச்சையம்மாள் தன் முறைக்காக வாயைத் திறந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு, கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

அந்த இடத்திலேயே நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "போனை எடுக்க மாட்டீங்களா?" என்று அதட்டினேன்.

பேத்தி பிறந்த பிறகு கோமதியிடம், "மொதல்லயே சொல்றதுக்கு என்னம்மா?" என்று கேட்டேன். "அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க மாமா" என்றாள். "'திமிருன்னு நெனச்சா நெனைக்கட்டும்டி, பாவம்னு மட்டும் நெனைக்கக் கூடாது. பாவம் பாக்குற வூட்ல பொண்ணுக்கு மரியாதை இருக்காது'ன்னாங்க."

அதற்கப்புறமும் மூன்று வருஷம் இருந்தது. "வாங்க சம்பந்தி, சாப்பிடலாம்" என்று ஒருநாள் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் ஸ்பூன் வைக்க வேண்டும், ஸ்பூனை வைத்தால் அந்தக் கரண்டி ஞாபகத்துக்கு வரும் என்று எனக்குக் கூச்சம். ஆம்பளை வீராப்பு என்றும் சொல்லலாம். எதுவானாலும், நான் கூப்பிடவில்லை.

இந்த வருஷம் அவர் வலது கையில் ஒரு வெடிப்பு ஆறவே இல்லை. சர்க்கரை வேறு. சீழ் பிடித்து முழங்கைக்கு மேல் ஏறிய பிறகுதான் மகளுக்கே சொன்னார். காரமில்லாமல் தயிர்சாதம் செய்யச் சொல்லித் தூக்கில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்றார் நர்ஸ். தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பச்சையம்மாள் கண் திறந்தார். என்னைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார்.

"கரண்டி கொண்டாந்தீங்களா சம்பந்தி?" என்றார்.

கேலி செய்தாரா, குத்தினாரா, எனக்குத் தெரியாது. உதட்டில் சிரிப்பு இருந்த மாதிரிதான் இருந்தது. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

காரியத்தன்று மரக்காணத்தில் அவர் வீட்டில் படையல். கருவாட்டுக் குழம்பை வேறு யாரையும் அடுப்பருகே விடாமல் கோமதியே வைத்தாள். காக்கைக்கு வைத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தோம். முதல் வாயிலேயே என் அக்காவுக்குப் புரை ஏறியது. "ஏண்டி, இம்மாங்காரமா போடுவ?" என்றாள்.

"அம்மாவுக்குக் காரம்னா உசுரு பெரியம்மா. மொளகாயத் தொட முடியாம வெறும் கஞ்சியாவே குடிச்சிட்டுக் கெடந்தாங்க" என்றாள் கோமதி. "இனிமே எரியாதுல்ல."

நான் இலையில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் பிசைந்து சாப்பிட்டேன். பச்சையம்மாளின் மன்னிப்பு என்னிடம் இல்லை. கேட்காததை அவர் எப்படிக் கொடுத்திருப்பார்? என்னிடம் இருப்பது வெட்கம் ஒன்றுதான். அவர் பெற்ற பெண் போடுகிற சோற்றை இனி ஒவ்வொரு வேளையும் அதோடுதான் நான் சாப்பிட வேண்டும்.