மால்டாவில் நான் பிடித்த கயிறு

பேய், பிசாசு என்று எவனாவது பேச்செடுத்தால் முதலில் சிரிக்கிற ஆள் நான்தான். தேங்காய்ப்பட்டணத்துக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன். கடலில் செத்தவர்கள் கூப்பிடுவார்கள் என்று எத்தனையோ கதை கேட்டு, ஒன்றைக்கூட நம்பாதவன். நீங்களும் நம்ப வேண்டாம், கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போங்கள். ஆனால் நடந்ததுதான்.

என் மனைவி லீனாவுக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம். மால்டா தீவில் நர்ஸ் வேலை கிடைத்துப் போனாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் மகள் ஜெனியும் அவளைப் பார்க்கப் போனோம். ஜெனிக்கு அப்போது ஐந்து வயது. லீவு நாள் முழுக்கக் கடற்கரைதான். அந்தத் தண்ணீர் இருக்கிறதே, கழுத்தளவு நின்றாலும் கால்விரலை எண்ணலாம். வெள்ளைக்காரர்கள் நம் ஊர்க் கருவாடு மாதிரி வரிசையாக வெயிலில் காய்ந்துகொண்டிருப்பார்கள். மீன் வாடையே இல்லாத கடலா என்று எனக்குக் கொஞ்சம் இளக்காரம்கூட.

அன்று கூட்டம் வேண்டாமென்று பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மணல்திட்டுக்கு இறங்கினோம். நல்ல மத்தியானம். ஜெனி குடை நிழலில் தூங்கிவிட்டாள்.

"பிள்ளைய பாத்துக்கிடுங்க, ஐஸ்கிரீம் வாங்கிட்டு இப்ப வந்திருவேன்" என்று சொல்லிவிட்டு லீனா படியேறிப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் பார்க்கிறேன், தண்ணீர் ஓரமாக ஏழெட்டு ஆண்கள் கரமடி இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். கரமடி என்றால், வலையைக் கடலில் வளைத்துப் போட்டுக் கரையில் நின்று கயிற்றால் இழுப்பது. என் அப்பா செய்த தொழில். எங்கள் ஊரில் கரமடி இழுக்கும்போது அந்த வழியாக வருகிறவன் ஒரு கை கொடுப்பான், அவனுக்கும் நாலு மீன் கிடைக்கும். ஆனால் ஒன்று, கை வைத்தவன், மடி, அதாவது வலை நுனியில் மீன் சேருகிற பை, கரையேறும்வரை விடக்கூடாது. போயே ஆகவேண்டுமென்றால் கயிற்றை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும்.

"ஏலே மக்கா, கை குடுலே" என்றார் கடைசியில் நின்றவர், முகம் திருப்பாமல். மால்டாவில் இந்தப் பேச்சு எப்படி என்று யோசிக்க வேண்டாமா? எனக்குத் தோன்றவே இல்லை. கால் தானாகப் போயிற்று, அவருக்குப் பின்னால் நின்று பிடித்தேன்.

ஐஸ் மாதிரிச் சில்லிட்ட கயிறு. இழுத்தேன், இழுத்தேன், வந்துகொண்டே இருந்தது. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று திரும்பிப் பார்த்தால், பின்னால் ஒரு முழம் கயிறு கிடையாது. அப்போதுதான் பயந்தேன். விடலாமென்றால் விரல் பிரியவில்லை. கத்தலாமென்றால் சத்தம் வரவில்லை.

"விடாத மக்கா, மடி இன்னும் வரல்ல" என்றார் அவர்.

அந்த நேரம் பார்த்து ஜெனி எழுந்துவிட்டாள். "அப்பா" என்று அரைத்தூக்கத்தில் நேராகத் தண்ணீருக்கு நடக்கிறாள். முட்டளவு, இடுப்பளவு. பத்தடி தூரத்தில் நான் கயிற்றோடு நிற்கிறேன். அந்த நிமிஷத்தை எந்தத் தகப்பனுக்கும் கடவுள் கொடுக்கக்கூடாது.

திடீரென்று அவள் என்னைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டு ஓடிவந்து, "நானும் இழுக்கேன்" என்று கயிற்றில் கை வைத்தாள்.

என் விரல்கள் பிரிந்தன. சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான். அதற்குப் பிறகுதான் கயிற்றை யார் கையில் கொடுத்துவிட்டேன் என்று உறைத்தது. பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓடினேன். படியில் நின்று திரும்பினால் ஆளும் இல்லை, கயிறும் இல்லை.

எதிரே லீனா ஐஸ்கிரீமோடு வந்தாள். "மேலேந்து பாத்தேன், கடலுக்க முன்ன தனியா நின்னு என்ன எக்சர்சைஸ்?"

இப்போது ஊரோடு வந்துவிட்டோம். ஜெனிக்கு ஏழு வயது. அவள் உள்ளங்கையில் காய்ப்பு இருக்கிறது. பள்ளிக்கூடத்துக் கம்பியில் தொங்குவதால் என்கிறாள் லீனா. கம்பியில் தொங்கினால் எங்கே காய்க்கும், மடி இழுத்தால் எங்கே காய்க்கும் என்று என் அப்பா கையைப் பார்த்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? மாதத்துக்கு மாதம் தடித்துக்கொண்டே வருகிறது.

யாரும் இல்லாதபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாகிட்ட தந்திரு மோளே" என்று கேட்பேன். எதை என்று புரியாமல் சிரிப்பாள். போன வாரம் மட்டும் சிரிக்கவில்லை.

"வேண்டாம்ப்பா" என்றாள். "மடி கிட்ட வந்தாச்சு."